கோட்டைத் தலைவியை வெளியே கொண்டுவந்தவள்

ஆறு வருடத்தில் அவள் அந்தப் பெண்ணை எத்தனை தடவை கொன்றிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மதிலிலிருந்து உருட்டிவிட்டுக் கொன்றிருக்கிறாள். அகழியில் முக்கிக் கொன்றிருக்கிறாள். அம்பு, ஈட்டி, கொதிக்கும் எண்ணெய், மிரண்ட குதிரை, இடிந்த சுவர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. விழுகிறவளின் தலைமுடி தரைக்குள் புதையாமல் தரைமேல் விழுகிறதா, வாள் கையை விட்டு நழுவுகிறதா, அலறல் சரியான நேரத்தில் கேட்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து எழுதி வைப்பாள். அதற்குத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

பயப்பட வேண்டாம், எல்லாம் கணினி விளையாட்டில்தான். பழங்காலப் போர்களை வைத்துச் செய்த விளையாட்டு அது. ஆடுகிறவர் ஒரு கோட்டைக்குத் தலைமை ஏற்று, படையை நகர்த்தி, முற்றுகை போட்ட எதிரியை விரட்ட வேண்டும். அதில் வருகிற வில்லாளி, குதிரைவீரன், கொல்லன், சமையல்காரன் எல்லோருக்கும் அந்த அலுவலகத்தில் 'காய்' என்றுதான் பெயர். விளையாட்டு கடைக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு காயையும் ஆட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். பிழையைப் பூச்சி என்று சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். அதனால் நான்கு மாடியிலும் அவளைப் பூச்சியக்கா என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து நாலு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு "நேரம் கெடைக்கல" என்பாள். அது முழுப் பொய்யும் இல்லை.

அவள் பொறுப்பில் இருந்த காய்களிலேயே பெரிய காய் கோட்டைத் தலைவி. விளம்பரத்தில், கடை அட்டையில், அலுவலக வாசலில் ஆளுயரப் படத்தில் எல்லாம் அவள்தான் நிற்பாள். கருப்புக் குதிரை, உருவிய வாள், காற்றில் பறக்கும் முடி. அந்த முடிக்கு மட்டும் இரண்டு ஓவியர்கள் எட்டு மாதம் உழைத்தார்கள். அவள்மேல் ஒருமுறை சொடுக்கினால் "சொல்லுங்கள்" என்பாள். எட்டு முறை சொடுக்கினால் "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று எரிந்து விழுவாள். பூச்சியக்காவுக்கு வேறு வேலை இல்லை, ஆகவே அதைப் பல நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

இந்தத் தலைவிக்கு ஒரு கதை இருந்தது. விளையாட்டோடு வரும் சிறு குறிப்பில் நாலே வரி. கணவன் தூரத்துப் போரில் இருந்தபோது எதிரி வந்து கோட்டையைச் சூழ்ந்தான். நாற்பத்து மூன்றாம் நாள், உள்ளே தானியம் தீரப்போகும் நேரத்தில், அவள் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு வாசலைத் திறந்து வெளியே போனாள். போகும்போதே, "எனக்குப் பின்னால் கதவைப் பூட்டிவிடுங்கள், நான் தட்டினாலும் திறக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலத்தில் நின்று சண்டை போட்டு ஜெயித்தாள். அதன் பிறகு முப்பது வருடம் உயிரோடு இருந்து, வயல் எல்லைத் தகராறுகளைத் தீர்த்துவைத்து, படுக்கையில் செத்துப்போனாள். அந்தக் கடைசி வரியைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று விளம்பரப் பிரிவு சொன்னது. பூச்சியக்கா மட்டும் அதை எடுக்கக் கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தாள். அந்த அலுவலகத்தில் அவள் போட்ட ஒரே சண்டை அதுதான்.

இத்தனை வீரமான பெண்மணி விளையாட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? ஒரு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

காரணம் எளிது. தலைவி செத்தால் ஆட்டம் தோற்றுப்போகும் என்பது விதி. ஆடுகிறவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் அவளைக் கோட்டையின் உள்கோபுரத்துக்குள் தள்ளி, வாசலில் பத்து ஈட்டிக்காரர்களை நிறுத்திவிட்டு, அப்புறம் அவளை மறந்தே போய்விடுவார்கள். நூறு பேர் ஆடினால் தொண்ணூற்று நாலு பேர் இதைத்தான் செய்தார்கள். கருப்புக் குதிரை லாயத்தில் நின்றது. எட்டு மாதம் வரைந்த முடி காற்றையே காணவில்லை. போர் முழுக்கக் கொல்லனும் சமையல்காரனும் சண்டை போட, கதாநாயகி உப்புக்குச் சப்பாணியாக உள்ளே கிடந்தாள்.

பிரிவுத் தலைவருக்கு இது பெரிய தலைவலி. அவர் ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர். யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிவிடுவார், அதனால் முதுகுக்குப் பின்னால் ஆகட்டும் என்றே அவருக்குப் பெயர். விடுப்பா, ஆகட்டும். புது நாற்காலியா, ஆகட்டும். மேலிடத்திலிருந்து, "எங்கள் தலைவி ஏன் வெளியே வருவதே இல்லை?" என்று கேட்டபோதும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்து, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கம்பெனி ரயிலில் பதினாலு மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே விளையாட்டின் விதிகளை வகுக்கும் வேலைக்கு ஒரே ஒரு இடம். பழைய ஊழியர்களுக்கே முன்னுரிமை. பிரிவுத் தலைவரின் கையெழுத்தோடு விண்ணப்பம் தர வேண்டும். இடம் நிரம்பும் வரை விண்ணப்பிக்கலாம்.

பூச்சியக்கா அந்தத் தாளை நின்று படித்தாள். தேநீர் வாங்கப் போகிறமாதிரி திரும்பி வந்து மறுபடியும் படித்தாள். பதினெட்டு வருடமாக அடுத்தவர் வகுத்த விதியில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு காய் எப்படி நடக்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும், எதற்காகச் சாக வேண்டும் என்று தானே முடிவுசெய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெகுநாளாக உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. அதைவிட, ஒரு தனி அறையில் காலையில் தானாக விழித்து, தன் ஒருத்திக்கு மட்டும் தேநீர் போட்டுக் குடிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதைத் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, ஐந்து வருடமாகப் படுக்கையில். தம்பி தூரப் பாதையில் லாரி ஓட்டுகிறான், பத்து நாளைக்கு ஒருமுறை முகம் காட்டுவான். தம்பி மனைவிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்த மாதிரி எடுக்கும் வேலை, காலை ஆறு மணி ஷிஃப்ட். ஆகவே அப்பாவின் காலைப்பொழுது முழுவதும் பூச்சியக்கா தலையில். எழுப்பி, துடைத்து, உடை மாற்றி, மருந்து கொடுத்து, கைக்குப் பந்து கொடுத்து அழுத்தச் சொல்லி, செய்தித்தாளை வாசித்துக்காட்டி, அவர் ஒவ்வொரு செய்திக்கும் திட்டுவதைக் கேட்டு, ஒன்பதரைக்கு அலுவலகத்துக்கு ஓடுவாள். பார்க்க வருகிறவர்களிடம் அப்பா குழறலாகச் சொல்வார், "இவ இல்லேன்னா நான் இல்ல." வந்தவர்கள் கண் கலங்குவார்கள். அவளும் சிரிப்பாள். அந்தப் பாராட்டு அவள் கழுத்தில் எப்படி இறுகியது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அப்பா உடைந்துபோவார் என்று அவள் அதைக் காட்டவும் இல்லை.

அன்று மாலை தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூச்சியக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வெளியூர்ல ஒரு எடம் காலியா இருக்காம். எங்க கம்பெனியிலயே."

"ம்."

"நல்ல வேலைதான். சும்மா சொன்னேன்."

தம்பி மனைவி அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். அவள் பேச்சில் கஞ்சம். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அந்த 'ம்' பூச்சியக்காவின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. போகக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டாள். திரும்பிக் கேட்கவில்லை.

மறுநாள் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து, பைக்குள் வைத்து, ஆகட்டும் அறைக்குப் போனாள். அவர் தலைவி வெளியே வராத ஆட்டங்களின் கணக்கை விரித்துவைத்து நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவள் புதுக் கிளையைப் பற்றி ஆரம்பித்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல இந்தம்மாவ கோட்டைய விட்டு வெளிய கொண்டு வாங்கம்மா. அப்புறம் நீங்க எங்க வேணாலும் போங்க."

பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது. தாள் வெளியே வரவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தலைவி வெளியே வந்தால் தானும் வெளியே போகலாம் என்று அவள் புரிந்துகொண்டது அப்படித்தான்.

அன்று தொடங்கியது ஓட்டம். அவளுக்குத் துணை ஒரு நிரலாளன். விதியைக் கணினிக்குப் புரிகிற மொழியில் மாற்றி எழுதுவது அவன் வேலை. எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பான், மதியத்துக்குள் செய்து முடித்துவிடுவான். அவன் பெயரே முடியாது ஆகிவிட்டது. ஆகட்டும் சொன்னது நடக்க ஒரு மாதம் ஆகும், முடியாது சொன்னது அன்றைக்கே நடக்கும் என்று மாடியில் ஒரு கேலி உண்டு.

முதலில் தலைவியின் பலத்தை இரண்டு மடங்காக்கிப் பார்த்தார்கள். ஒரே வெட்டில் மூன்று பேர் சாய்வார்கள். வெளியிலிருந்து எட்டுப் பேரை வரவழைத்து ஆடச் சொல்லி, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எட்டுப் பேரும் தலைவியின் பலத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிளந்துவிட்டு, முன்னைவிடப் பத்திரமாகப் பூட்டினார்கள். பத்து ஈட்டிக்காரர் இருந்த இடத்தில் இருபது. ஏன் என்று கேட்டதற்கு ஒருவர் சொன்னார், "இவ்வளவு நல்ல காயை எப்படிங்க வெளிய விடறது?"

பூச்சியக்கா அந்தப் பதிலை அப்படியே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அடுத்து, தலைவி செத்தாலும் ஆட்டம் தோற்காது என்று மாற்றினார்கள். உடனே ஆடுகிறவர்களுக்கு அவள்மேல் இருந்த அக்கறையெல்லாம் பறந்துபோனது. எதிரிக்குத் தண்ணி காட்ட அவளைத் தனியாக அனுப்பிப் பத்தே நிமிடத்தில் சாகடித்தார்கள். அதற்கடுத்து, தலைவி உள்ளேயே இருந்தால் வீரர்கள் சோர்ந்துபோவார்கள் என்று ஒரு தண்டனை வைத்தார்கள். வெளியே கொண்டுவந்தார்கள்தான், ஆனால் திட்டிக்கொண்டே. இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு மத்தியானம், ரொட்டியை மென்றுகொண்டே அந்த நாலு வரிக் குறிப்பை மறுபடி படித்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நாற்பத்து மூன்று நாள் உள்ளே இருந்தவள் வெளியே போனபோது, கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வர வழி வைத்துக்கொண்டு போகவில்லை. விதியை அங்கேதான் வைக்க வேண்டும்.

"ஒரே ஒரு தடவை அவளால வெளிய போக முடியும்," என்றாள் நிரலாளனிடம். "போனா கதவு பூட்டிக்கும். ஆட்டம் முடியற வரைக்கும் திரும்பி வர முடியாது. ஆனா அவ வெளிய போன நிமிஷத்துலேர்ந்து, அவ செத்தாலும் ஆட்டம் தோக்காது. உள்ள இருக்கறவங்க அவளுக்காக ரெண்டு மடங்கு சண்டை போடுவாங்க. உள்ள இருக்கற வரைக்கும்தான் அவ சாவு தோல்வி."

"முடியாது," என்றான் அவன். நாலு மணிக்கு முடித்துக் கொடுத்தான்.

முதல் எட்டுப் பேர் மறுநாள் வந்தார்கள். பழைய வழக்கப்படி தலைவியை உள்ளே தள்ளினார்கள். ஒரு மணி நேரம் போனது. எதிரி மதிலை நெருங்கினான். அப்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பூச்சியக்கா ஒன்றைக் கவனித்தாள். ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பலாமா வேண்டாமா என்று தவித்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைத் திறந்தார். கருப்புக் குதிரை வெளியே பாய்ந்தது, கதவு பின்னால் விழுந்தது, எட்டு மாதத்து முடி காற்றில் பறந்தது. அந்த மனிதர் தன்னையறியாமல் "ஏய்!" என்று கத்திவிட்டார். எட்டில் ஆறு பேர் அவளை வெளியே அனுப்பினார்கள்.

பூச்சியக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஏட்டில் எழுதினாள்: முதல் குழு, எட்டுக்கு ஆறு.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் பத்துக்குப் பத்து முறை பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு குதிரை ஆற்றுத் தண்ணீர்மேல் நடந்து போனதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, ஓடிப்போய்ச் சொன்னாள். நாலு பேர் இரண்டு நாள் தலைகீழாக நின்றும் அந்தக் குதிரை மறுபடி நடக்கவில்லை. மாடியே சிரித்தது. மாதக்கணக்கில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, குதிரை கரை சேந்துச்சா?" என்று கேட்டார்கள். அந்த அவமானத்தில் பிறந்த வழக்கம் பத்து. அதற்கப்புறம் அவள் எழுதிய ஒரு பிழையைக்கூட யாரும் மறுத்ததில்லை. அவளுடைய மரியாதை முழுவதும் அந்தப் பத்தின்மேல்தான் நின்றது.

ஒரு நாளைக்கு ஒரு குழுதான் வரவழைக்க முடியும். பத்துக் குழுவுக்குப் பத்து வேலைநாள். இரண்டாம் குழு, எட்டுக்கு ஏழு. மூன்றாம் குழு, ஆறு. நாலாவது, ஏழு. ஐந்தாவது குழுவில் ஒரு அம்மா தலைவியை அனுப்பிவிட்டு எழுந்து நின்றே ஆடினார். ஏழாவது குழு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எட்டுக்கு எட்டு.

நிரலாளன் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, போதும். ஏழு குழு பாத்தாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? போய்ச் சொல்லுங்க, கையெழுத்து வாங்குங்க. அந்த எடத்துக்கு ஆளாளுக்கு எழுதிப் போடறாங்களாம்."

"பத்து முடியட்டும்."

"ஏழுலயே தெரியுதே அக்கா!"

"எட்டாவதுல கவுந்துடுச்சுன்னா? இன்னொரு தடவை என்னால அந்தச் சிரிப்பக் கேக்க முடியாதுப்பா. இன்னும் மூணு நாள்தான?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு இனித்தது. அந்த மூன்று நாளும் அவள் எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த 'ம்' சொன்னவளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரயிலில் ஏறி, தெரியாத ஊரில் இறங்கி, நாற்பத்து நாலு வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

எட்டாம் குழு, ஒன்பதாம் குழு, பத்தாம் குழு. புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு ஏட்டை மூடினாள். எண்பது பேரில் அறுபத்தொன்பது பேர் தலைவியை வெளியே அனுப்பியிருந்தார்கள். கோடு போட்டு, கூட்டி, கீழே கையெழுத்து வைத்து, பைக்குள் கசங்கிப்போயிருந்த விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஆகட்டும் அறைக்குப் போனாள்.

அவர் ஏட்டைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம்மா! பிரமாதம்! இதத்தான நான் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று மேசையைத் தட்டினார். அவள் விண்ணப்பத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். முகம் மெல்ல வாடியது.

"அய்யய்யோ. இந்த எடமா? இது நேத்தே நெரம்பிடுச்சேம்மா. திங்கக்கிழமை வரைக்கும் அவங்களுக்கு ஆளே தோதா கெடைக்கல, என்கிட்டயே போன்ல கேட்டாங்க, உங்க பக்கம் யாராவது இருக்காங்களான்னு. எனக்குத் தெரியாதேம்மா, நீங்க போகணும்னு இருக்கீங்கன்னு."

"நான் சொன்னேனே சார். நீங்கதான் தலைவி வெளிய வந்தா போகலாம்னு சொன்னீங்க."

அவருக்கு நினைவே இல்லை. நெற்றியைத் தேய்த்து யோசித்தார். நினைவு வந்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"அது ஏதோ எரிச்சல்ல சொன்னதும்மா. அத போயி... அன்னைக்கே இந்தப் பேப்பர நீட்டியிருந்தா அப்பவே போட்டுருப்பேனே. நான் யாருக்கு எதுக்கும்மா மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

அது சத்தியமான உண்மை. அந்த மனிதர் வாழ்க்கையில் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. மாடியில் வாசல் காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அவர் பெயரே அதுதான். பதினெட்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஆறுதலாக ஏதேதோ சொன்னார். அடுத்து இன்னும் நாலு காய்கள் வரப்போகின்றன, எல்லாம் அவள் பொறுப்புதான், அவள் இல்லையென்றால் இந்தப் பிரிவே இல்லை என்றார். அவள் தலையாட்டிக்கொண்டே வெளியே வந்தாள். வாசலில் ஆளுயரப் படத்தில் குதிரைமேல் இருந்தவளை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. வழி நெடுக ஆள் தேடினாள். ஒருவரும் கிடைக்கவில்லை. வீடு வரும்போது அந்தக் கோபத்துக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் தம்பி மனைவி.

அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"சந்தோஷமா இரு," என்றாள் பூச்சியக்கா, பையைக்கூடக் கீழே வைக்காமல். "நான் எங்கயும் போகல. அந்த எடம் போயிடுச்சு. காலைல அப்பாவ யாரு பாத்துக்கறதுன்னு நீ இனிமே கவலப்பட வேண்டாம்."

தம்பி மனைவி குழாயை நிறுத்தினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"போயிடுச்சா? எப்படி அண்ணி?"

அவள் சொன்னாள். பத்துக் குழு, ஏழாவது குழு, திங்கட்கிழமை, ஆகட்டும், எல்லாம். தம்பி மனைவி குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும், ஒன்பது வருடத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்த மாதிரிப் பேசினாள்.

"அன்னைக்கு நீங்க சொன்ன மறுநாளே நான் ஷிஃப்ட் மாத்தக் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன் அண்ணி. பத்து மணி ஷிஃப்ட். போன வாரமே கெடைச்சுடுச்சு, ஒண்ணாந்தேதிலேர்ந்து. காலைல மாமாவ நான் பாத்துக்குவேன், மத்தியானம் ஓடி வந்து சாப்பாடு குடுத்துட்டுப் போயிடுவேன். ரெண்டு தெருதான். அவரும் உள்ளூர் லாரிக்கு மாறிக்கறேன்னுட்டாரு. மாமாகிட்டயும் சொல்லியாச்சு."

"அப்பாகிட்டயா? அப்பா என்ன சொன்னாரு?"

"அழுதாரு. அப்புறம், போகட்டும், பொண்ணு எத்தன நாள் என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்னாரு. நீங்க வாயத் தொறந்து போறேன்னு சொல்லுவீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தோம். நாங்க மொதல்ல சொன்னா, வெரட்டறோம்னு நெனச்சுக்குவீங்களோன்னு."

பூச்சியக்கா அடுப்படிச் சுவரில் சாய்ந்தாள். பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"நீ அன்னைக்கு ம்னு மட்டும்தான சொன்ன."

"நான் எப்பவும் அப்படித்தான சொல்லுவேன்?" என்றாள் தம்பி மனைவி. பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள், "ஏழாவது தடவையே தெரிஞ்சுடுச்சுல்ல அண்ணி. அப்புறம் எதுக்குப் பத்து?"

குதிரை, சிரிப்பு, மரியாதை என்று பதினாறு வருடமாகச் சொல்லிவந்த பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதை ஒதுக்கிவைத்தாள்.

"பயமா இருந்துச்சு," என்றாள். சொன்னதும் அழுகை வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக. "யாராவது மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் சொல்லல."

தம்பி மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அடுத்து எப்ப ஆள் எடுப்பாங்க?"

"தெரியல."

"நாளைக்குக் கேட்டுட்டு வாங்க." தம்பி மனைவி குழாயைத் திறந்து, மிச்சமிருந்த பாத்திரத்தை எடுத்தாள். "ஷிஃப்ட்ட நான் திருப்பி மாத்தப் போறதில்ல. ஒண்ணாந்தேதிலேர்ந்து காலைல உங்களுக்கு இங்க வேலை ஒண்ணும் கெடையாது."